குடிநீர் வசதி உண்டா? ஆம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று உன் அம்மா ஏற்கெனவே போட்டுக்கொடுத்துவிட்டாள். ஆகவே அந்த வரியைத் தாண்டிப் போகிறேன். ஃபோனில் பேசலாம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று நாலு தடவை சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

குளியலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிசெய்தேன். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. அம்மா வாளியைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சலவைக்கூடத்தைப் பற்றிய ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு இடம் தேடப்போகிறாயாமே. காரணம் கேட்டால், "அவளுக்கு பஸ் ஒத்துக்கலையாம்" என்றாள் அம்மா. அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் கொட்டிவிட்டாள். "அப்பாவைப் பத்தி நான் எப்படிம்மா எழுதுவேன்?" என்று அழுதாயாம்.

நீ கேள்வித்தாளோடு வந்த அன்று நான் செய்த உபசாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். சூப்பர்வைசர் மகள் வந்திருக்கிறாள் என்று என் அறையையே ஒழித்துக் கொடுத்தேன். மின்விசிறியை உன் பக்கம் திருப்பி வைத்தேன். ஆட்களை நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினேன். கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டேன். நடுநடுவே டீயோடு தலையை நீட்டினேன். எல்லாக் கேள்விக்கும் 'ஆம்', 'திருப்தி' என்றே பதில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மேற்பார்வையின் மகிமை என்று நினைத்தேன். அதைப் பார்த்துவிட்டு உன் பேராசிரியை ஒரே கேள்விதான் கேட்டாராம்: "இதைச் சொல்லும்போது பக்கத்தில் யார் இருந்தது?" பெற்ற பெண்ணுக்கு அப்பன் டீ கொடுத்தது ஒரு குற்றமா என்று அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது.

நீ வீட்டில் விட்டுப்போன விமர்சனக் கோட்பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் தாண்டியவன் நான். அதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தெருவில் புறப்பட்டு வேறு ஊரில் போய் நிற்கிறது. முதல் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன். ஆனால் நீ ஒருமுறை சொன்னது நினைவிருந்தது: "சமூகத்தை ஆராயறதுன்னா இருக்கறதை எண்ணிச் சொல்றது மட்டும் இல்லப்பா. அது ஏன் அப்படி இருக்கு, அதனால யாருக்கு லாபம், யாரால வாயைத் திறக்க முடியல, கேக்கற நான் எங்க நின்னு கேக்கறேன், இதையும் சேர்த்துக் கேக்கணும்."

கேட்டுத்தான் பார்ப்போமே என்று, போன வாரம் வேலை முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் துணி மடிக்கும் பகுதி அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் முதலில். பொண்ணு படிப்பு பாதியில் நிற்கிறது என்று சொன்ன பிறகுதான் சிரித்தார். "உங்க ரூம்ல உக்காந்துகிட்டு உங்களையே குறை சொல்ல எங்களுக்கென்ன கிறுக்கா? கேமரா மாமாதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டே இருந்தாரே!" என் பட்டப்பெயர் எனக்குத் தெரியவந்தது இப்படித்தான். மாமா ஏன் என்று கேட்டேன். "மேல மாட்டியிருக்கற கேமரா டீ வாங்கித் தராதே சார்" என்றார்.

உன் கேள்வித்தாளில் 'குடிநீர் வசதி உண்டா' என்று ஒன்று இருந்தது. எல்லாரும் ஆம் என்றார்கள். பொய் இல்லை, தண்ணீர் கேன் வாசலிலேயே இருக்கிறது. அந்த நீராவியில் நின்று வேலை செய்துவிட்டு, மாலையில் பார்த்தால் கேன் பாதிகூடக் குறைந்திருக்காது. ஆட்கள் சிக்கனமானவர்கள் என்று நான் மேலாளரிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன். அக்கா சொன்னார்: "தண்ணி இருக்கு சார். குடிச்சா அப்புறம் போகணுமே. உங்க மேசைக்கு வந்து அந்தக் கட்டையைக் கேக்கணுமே." கழிப்பறைக்குப் போகிறவர் எடுத்துப்போக வேண்டிய மரக்கட்டை அது. கூடத்துக்கே ஒன்றுதான், போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். இயந்திரம் நிற்காமல் ஓட நானே கண்டுபிடித்த ஏற்பாடு. மேலாளர் அதற்காக எனக்குக் கைகூடக் கொடுத்தார்.

மகளே, நீ விட்டுவிட்டுப் போனால் அந்த 'ஆம்' அப்படியே நின்றுவிடும். மேலாளர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் மாட்டுவார்.

கட்டையைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தொலைந்துவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். இந்த வாரத்துக்குள் வேறு கட்டை செய்யச் சொல்லியிருக்கிறார். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பெரிய வீரன் என்று நினைத்துவிடாதே. என் வேலை நீட்டிப்பு இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. அம்மா அதை உன்னிடம் சொல்லியிருப்பாள். உன் தயக்கத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்றால், அதை மறந்துவிடு. போனால் போகிறது. வீட்டில் குழாய் வேலை இருக்கவே இருக்கிறது.

நீ மறுபடி வந்தால் பேசுவதற்கு வெளியே ஓர் இடம் ஏற்பாடு செய்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஏற்பாடு பண்ணினா அதுவும் உங்க ரூம்தான் சார். சும்மா இருங்க" என்றார் அக்கா. உன் நம்பர் அவர்களிடம் இருக்கிறதாம். விடுமுறை நாளில் அவர் வீட்டில் கூடிப் பேசத் தயாராம். 'பொண்ணு ஏன் வரல' என்று அவர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். நான் அந்தத் தெருப்பக்கமே வரமாட்டேன். யார் என்ன சொன்னார்கள் என்று உன்னிடம் கேட்கவும் மாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

அவர்கள் சொன்னதை எழுது. சூப்பர்வைசர் என்கிற ஆள் வரும் இடத்தில் பேனாவை மெதுவாக்காதே. அவனை நல்லவனாக்க ஒரு வரி சேர்த்தாலும் உன் பேராசிரியை கண்டுபிடித்துவிடுவார், எனக்கும் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். முடித்ததும் வீட்டுக்கு வந்து எங்கள் கூடத்தைப் பற்றிய அத்தியாயத்தை எனக்கு நீயே வாசித்துக் காட்ட வேண்டும். எனக்குப் புரிகிற தமிழில், முழுசாக. வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்க்காதே, கண்ணு.

நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
அப்பா