சாலைக்கு அந்தப் பக்கம் பேசியது

மார்ச் 3, திங்கள்

லேப்பில் இன்று ஒரு முழுப் பல் செட். மேல் வரிசை முடிந்து, கீழ் வரிசைக்கு முதல் பல்லை மெழுகில் பதிக்கும்போது முதலாளி மேசையைத் தட்டிச் சீட்டை நீட்டினார். "பெரியவர் வீட்டில் சனிக்கிழமை கல்யாணம். அதற்குள் சிரித்தாக வேண்டுமாம்." கீழே எழுதிக் கொடுத்தேன்: "பல் என் பொறுப்பு. சிரிப்பு அவர் பொறுப்பு." மனிதர் தோள் குலுங்கச் சிரித்தார்.

வீட்டில் சாப்பிடும்போது தம்பி ஏதோ சொல்ல, அவன் மனைவியும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்று உதட்டை அசைத்தான். பிறந்ததிலிருந்து எனக்குக் காது கேட்காது. ஐம்பத்தொரு வயதாகிறது. அவன் சொன்ன அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்கு, என் அறைக்கு வந்துவிட்டேன்.

நாளை மறுநாள் புதன்.

மார்ச் 5, புதன்

கன்னக்குழி வந்தாள்.

எங்கள் ஆட்களுக்குள் எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. கன்னத்தில் விரலைக் குத்தினால் அவள். முன்பல்லைத் தட்டினால் நான். ஐந்து மாதம் முன்பு காது கேளாதோர் சங்கக் கூட்டத்தில் பழக்கமானவள். ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டும் வேலை, புதன் விடுமுறை. வயது இருபத்துநான்கு. எழுதும்போது 'அக்கா, நீங்க' என்பாள். கையால் பேசும்போது ஏது நீ, நீங்க? நேராக விரலை நீட்ட வேண்டியதுதான். என்னைவிட இருபத்தேழு வயது சின்னவள் என்பது, கிளம்பும்போது அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவுவதைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும்.

பல் செட் கதை சொன்னேன். முதலாளி மாதிரி குலுங்கிக் காட்டினேன். பள்ளி விடுதியில் வார்டன் விளக்கை அணைத்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் கை நீட்டிப் பேசி மாட்டிக்கொண்டதையும் சொன்னேன். இரண்டரை மணி நேரம். மணிக்கட்டு வலிக்கிறது. வலிக்கட்டும்.

அவள் போன பிறகு தம்பி மனைவி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "சின்னப் பொண்ணுக்கு உங்ககிட்ட என்ன வேலை?" வேலை இருந்தால்தான் வர வேண்டுமா? தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

சங்கக் கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் தேநீர்க் கடை. கன்னக்குழியும் அவள் வயதுப் பெண்கள் மூன்று பேரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான்கு வரிசை வண்டிகள். காது கேட்பவர்களுக்கு அது தூரம். எங்களுக்குப் பக்கத்து நாற்காலி.

எங்கள் காலத்து ஆட்கள் ரகசியம் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வோம், இல்லாவிட்டால் மேசைக்கு அடியில் கையை இறக்குவோம். இவள் தெருவைப் பார்த்தபடி, ஊருக்கே தெரிகிற மாதிரி பேசினாள். நான் பாட்டுக்குக் கையை ஆட்டிக் கூப்பிடலாம் என்று பாதி தூக்கிவிட்டேன். அப்போது அவள் தன் முன்பல்லைத் தட்டினாள்.

"புதன் சினிமாவுக்கு நான் வரல. அவங்க வீட்டுக்குப் போகணும். போகலன்னா வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. பாவம். அவங்களுக்கு வேற யாரு இருக்கா?"

ஒரு பெண் என்னை மாதிரியே பேசிக் காட்டினாள் - பெரிது பெரிதாக, மெதுவாக, விடாமல். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவளும்.

அவளும் சிரிச்சா. நான் பாத்தேன். நான் என்ன பிச்சையா கேட்டேன்? வா வான்னு கையப் புடிச்சு இழுத்தேனா? பாவமாம். யாருடி பாவம்?

மார்ச் 10, திங்கள்

செய்தி அனுப்பினேன்: "இந்தப் புதன் வர வேண்டாம். லேப்பில் வேலை." இருபது தடவை எழுதி அழித்து, கடைசியில் ஆறு சொல்.

மார்ச் 12, புதன்

லேப்பில் வேலை எதுவும் இல்லை. நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரிதான் என்று தெரிந்ததும் எழுந்து போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வீடியோ அழைப்பு மூன்று முறை. போனைக் கவிழ்த்து வைத்தேன். மேசையில் அது அதிர்ந்து அடங்கும் வரை உள்ளங்கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். எடுக்கவும் மனமில்லை, கையை எடுக்கவும் மனமில்லை.

மார்ச் 19, புதன்

மானம் போன நாள்.

ஐந்து மணிக்கு அறையில் பல்பு விட்டு விட்டு எரிந்தது. வெளியே யாரோ மணியை அழுத்துகிறார்கள் என்று அர்த்தம். புதன், ஐந்து மணி - வேறு யார்? ஜன்னல் வழியாகத் தெரியாத மூலைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பல்பு எரிந்தது, அணைந்தது. நான் அசையவே இல்லை. வந்தவளுக்கும் காது கேட்காது, எனக்கும் கேட்காது. எப்படித் தெரியப்போகிறது என்ற தைரியம்.

தம்பி மனைவி என்று ஒருத்தி கீழே இருப்பதையே மறந்துபோனேன். நான் ஸ்டூலை இழுத்தது அவள் தலைக்கு மேலே இடி இடித்த மாதிரி கேட்டிருக்கிறது. மேலே வந்து, உள்ளேதான் இருக்கிறாள் என்று கன்னக்குழிக்கு ஜாடை காட்டி, விழுந்து கிழுந்துவிட்டேனோ என்ற பயத்தில் மாற்றுச் சாவி போட்டுத் திறந்துவிட்டாள். மூலையில் ஸ்டூலில், திருடி மாதிரி நான்.

மறைக்க இனி என்ன இருக்கிறது? கேட்டேவிட்டேன். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாப்புல நான் நின்னுட்டு இருந்தேன். நீ பேசினது எல்லாம் பாத்தேன்."

அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"சொன்னேன். சிரிச்சது தப்பு. சொன்னது பொய் இல்ல."

"பாவம்னுதான் வர்றியா?"

"சில புதன் பாவம்னு வருவேன். சில புதன் ஆசையா வருவேன். சில புதன் தூங்கலாம்னு இருக்கும், அப்பவும் வருவேன். நீங்க எதுக்கு என்னக் கூப்பிடறீங்க? நான்னு கூப்பிடறீங்களா, கை பேசத் தெரிஞ்ச ஆளுன்னு கூப்பிடறீங்களா?"

நான் கையைத் தூக்கினேன். அவள் அதற்குள் தொடர்ந்தாள்.

"எங்க வீட்டுல எத்தனை பேர்னு தெரியுமா உங்களுக்கு? மூணு வாரமா ஒரு விஷயம் சொல்லணும்னு வர்றேன். எப்பக் கை எடுத்தாலும் நீங்க அடுத்த கதைக்குப் போயிடறீங்க."

தம்பி மனைவி பந்தாட்டம் பார்க்கிறவள் மாதிரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னக்குழி அவளுக்கு மட்டும் தலையசைத்துவிட்டு இறங்கிப்போனாள். ஒவ்வொரு படியாக.

மார்ச் 23, ஞாயிறு

இந்த நோட்டையே முதலிலிருந்து புரட்டினேன். அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான். அக்டோபர் முதல் பத்தொன்பது புதன்கள். 'வார்டன் கதை சொன்னேன்.' 'தம்பி செய்ததைச் சொன்னேன்.' 'என் முதுகு வலியைச் சொன்னேன்.' அவள் சொன்னது என்று ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். 'புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள்' என்று ஒன்று. அதுகூட நானே பார்த்து எழுதியது.

அப்புறம் சொல்கிறேன் என்றாவது தம்பி சொல்வான். நான் அவளை அதுகூட விட்டதில்லை.

மார்ச் 26, புதன்

செய்தி அனுப்பினேன்: "உங்கள் வீட்டில் எத்தனை பேர்? அந்த விஷயம் என்ன? தெரிந்துகொள்ள வேண்டும்." பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

பல்பு எரியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

லேப்பில் வாயைத் திறந்தபடி ஆறு பிளாஸ்டர் பல் அச்சுகள் வரிசையாக இருந்தன. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாள் முடிந்தது. மாலை பதில் வந்தது. "புதன் வர்றேன்."

ஏப்ரல் 9, புதன்

வந்தாள். உட்கார்ந்தாள். "சொல்லு" என்றேன். அவள் சொன்னது:

வீட்டில் ஏழு பேர். ஒருவருக்கும் கை பேசத் தெரியாது. அம்மாவுக்கு ஐந்து ஜாடை தெரியும்: சாப்பிடு, தூங்கு, வா, போ, வேண்டாம். அப்பாவுக்கு அதுவும் தெரியாது, தோளைத் தட்டுவார். கடையில் பார்சல் பிரிவில் அவள் மட்டும்தான் நம் ஆள். தினமும் ஒன்பது மணி நேரம் கை பேசாமல் இருப்பாள்.

வேறு ஊரில் மூக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. பிப்ரவரி கடைசியிலேயே கடிதம் வந்துவிட்டதாம். அந்தப் பிரிவில் எட்டுப் பெண்கள், எல்லோரும் நம் ஆட்கள். சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேரும் பேசுவார்களாம். போகலாமா என்று முதலில் என்னிடம்தான் கேட்க நினைத்தாளாம். கேட்க முடியாததால் தானே முடிவு செய்துவிட்டாள். இருபதாம் தேதி கிளம்புகிறாள்.

போகாதே என்று சொல்ல ஒரு கை போதும். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அம்மா அழுவதைச் சொன்னாள். விடுதிக் கட்டிலைச் சொன்னாள். புது ஊரில் வழி கேட்கப் பயமாக இருப்பதைச் சொன்னாள். மணி ஆறரை ஆகிவிட்டது.

ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நெறைய இருக்கு" என்றாள்.