பலகையில் எழுதிய மகன்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குறைந்த கையோடு ஏணியில் ஏறிவிட்டார், சொன்னால் காதில் போட்டுக்கொண்டால்தானே. டியூஷன் அறைக்குப் பெயின்ட் அடித்ததை உன் தங்கை படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டாள், கலர் கொஞ்சம் கண்ணைக் குத்துகிறது, போகட்டும்.

அந்தப் படத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைக்கிறேன். பின்னால் தெரிந்த பலகையை நீ படித்துவிட்டாய். பார்த்தேம்மா என்று மட்டும் போட்டாய், அப்புறம் என் போனை எடுக்கவில்லை. அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம், ஒருவரைப் பற்றிய கூடுதல் செய்தியை இரண்டு கமாவுக்கு நடுவில் வைத்து எழுதுவது. அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும், ஆள் மாறமாட்டார் என்று வாய் வலிக்கச் சொன்னேன். உதாரணத்துக்கு வழக்கம்போல நம் வீட்டு ஆட்கள்தான். என் மூத்த மகன், வங்கி மேனேஜராக இருப்பவன், வெளிநாட்டில் வசிக்கிறான் என்று எழுதினேன். நீ அந்த வேலையை விட்டு பஸ் ஓட்டப் போய் ஒரு வருஷமாகிறது. தெரிந்தேதான் எழுதினேன் ராசா. எதிர்வீட்டு டாக்டர் மகளும் அந்த வகுப்பில் இருக்கிறாள், வீட்டில் போய்ச் சொல்வாள் என்கிற நினைப்பு. எழுதும்போது கை கூசவில்லை, நீ படித்தாய் என்று தெரிந்ததும் கூனிக் குறுகிப் போனேன்.

மறுநாள் வகுப்புப் பிள்ளைகள் முன்னாலேயே அதை அழித்து, பஸ் ஓட்டுகிறவன் என்று மாற்றினேன், முதலில் எழுதியது பொய் என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எந்த ரூட்டு டீச்சர், மாடி பஸ்ஸா என்று டாக்டர் மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காலையில் எப்போ வண்டிய எடுப்பாரு என்றாள் பக்கத்தில் இருந்தவள். அதுவும் தெரியவில்லை. இந்த ஒரு வருஷமும் வேறு வேலை தேடுகிறாயா என்று உன்னை நச்சரித்தேனே தவிர, உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெற்றவளுக்கு இதைவிட வெட்கக்கேடு என்ன இருக்கிறது.

கோபம் தணிந்தால் போனை எடு, தணியாவிட்டாலும் எடுத்துத் திட்டு. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் வண்டியில் ஏறுகிற எல்லோரோடும் நீயும் தினமும் பத்திரமாக வீடு சேர வேண்டும், என் ஆசீர்வாதம் கூடவே வரும். ரூட் நம்பரை மறக்காமல் எழுது, உன்னிடம் கேட்டுச் சொல்வதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா