வளைத்த இடத்தில் மட்டும்

ஜூலை 3, வியாழன்
புதுப் பள்ளியில் மூன்றாவது வாரம். இன்று என்னோடு பேசியவர், வருகை எடுத்த டீச்சர் மட்டும். "உள்ளேன்" என்றேன். உரையாடல் முடிந்தது. பழைய பள்ளியில் நான் வாயைத் திறந்தாலே வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இங்கே கேன்டீனில் எதிர் நாற்காலிக்குத்தான் ஜோக் சொல்கிறேன். நல்ல நாற்காலி. குறுக்கே பேசாது.

ஜூலை 7
தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு ஸ்பூன்தான் விளையாட்டுச் சாமான். முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தேன். உடைந்த இயர்போனிலிருந்து கழற்றிய காந்தம் பையில் இருந்தது. வைத்துப் பார்த்தேன். கைப்பிடியில் வழுக்கியது. வளைத்த இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டது. என்ன கூத்து இது?

ஜூலை 8
போனில் தேடினேன். சில வகை ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. வளைத்தாலோ அடித்தாலோ உள்ளே அணுக்களின் அடுக்கு மாறிவிடுமாம். மாறிய இடம் காந்தத்தை இழுக்குமாம். அப்பாவிடம் சொல்லலாமென்றால், நைட் ஷிப்ட் முடிந்து குறட்டை.
நாளைக்கு வித்தை காட்டப் போகிறேன். ஒருத்தனாவது எதிரே உட்காரணும். அது போதும்.

ஜூலை 9
"ஸ்பூனுக்கு உசுரு கொடுக்கறேன், வாங்க" என்றேன். வந்தார்கள். ஆறு ஸ்பூன் வளைத்து, ஒவ்வொன்றிலும் காந்தத்தை ஒட்டிக் காட்டினேன். கைதட்டல். அப்புறம் கேன்டீன் அக்கா வந்தார்.
"இது ஸ்பூனா, கொக்கியா? எல்லாத்தையும் நிமித்திட்டு அப்புறம் கிளாசுக்குப் போ."
கல்லெறிந்த காக்காய்க் கூட்டம் மாதிரி எல்லாரும் பறந்தார்கள். வித்தையத்தான் பாத்தானுங்க. என்னை எவன் பாத்தான்?

ஜூலை 10
கடைசி பெஞ்சு கண்ணாடிக்காரன், நான் நிமிர்த்திய ஸ்பூன் ஒன்றோடு வந்து நின்றான்.
"ஏமாத்தறியா? வளைச்சதாலதான் ஒட்டுதுன்னா, நிமித்தினதும் விட்டுடணும்ல. இன்னும் ஒட்டுதே?"
"நிமித்தறதும் வளைக்கறதுதானடா. எதிர்ப் பக்கமா."
யோசித்தான். யோசித்தபடியே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். பாதி சாப்பாட்டில், "பாத்திரம் கழுவுற ஸ்டீல் சிங்க்கை அச்சுல வச்சு அழுத்தித்தான செய்வாங்க? அப்போ நல்லா வளைஞ்ச மூலையில ஒட்டணுமே."
"ஒட்டும்."
"எங்க வீட்டுல வந்து காட்டு."

ஜூலை 12, சனி
சாயங்காலம் முழுக்க இரண்டு தலையும் அவன் வீட்டு சிங்க்குக்குள். தட்டையான நடுப்பகுதியில் காந்தம் வழுக்கியது. ஆழமான மூலைகளில் கப்பென்று பிடித்தது. அவன் அம்மா எட்டிப் பார்த்து, "யாருடா இது, குழாய் ரிப்பேருக்கு வந்த தம்பியா?" என்றார். எனக்கு நாக்கு நுனியில் மூன்று பதில் தயார். அதற்குள் அவன், காந்தத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "என் ஃப்ரெண்டும்மா" என்றான்.
மூன்றையும் விட்டுவிட்டு, அடுத்த மூலையில் காந்தத்தை வைத்தேன்.