அரசு விதிப்படி

செவ்வாய், இரவு.

1. இதை எழுதும் நான் சீனிவாசன், வழக்கறிஞர், கிழக்குத் தாம்பரத்தில் வசிப்பவன், பள்ளி வேனில் செல்லும் எட்டு வயது மீராவின் தகப்பன்.

பள்ளி வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இனிக் கட்டாயமில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. இன்று மாலை எங்கள் குடியிருப்பு வாசலிலேயே வேன்காரர் பாஸ்கர் அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெற்றோருடன் போட்ட ஒப்பந்தம் இருக்கிறதே என்றேன்.

"'அரசு விதிப்படி' கருவி இருக்கணும்னு நீங்கதான சார் எழுதினீங்க? கவர்மெண்டே வேணாம்னுட்டான். அப்பால எனக்கு இன்னா?"

சட்டப்படி அவர் சொன்னது சரி. விதி நீங்கினாலும் கருவி இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அரசு பின்வாங்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மாடிவீட்டு கவிதா சிரித்தார். "விடுங்கண்ணா, வேன் வேகமா போனா பசங்க காலைல இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம்."

"அப்பா, இனிமே எங்க வேன்தான் ஃபர்ஸ்ட்டு!" என்று மீரா குதித்தாள்.

வேறு வேன்காரர்களை விசாரித்தேன். அவர்களும் கழற்றிவிட்டார்கள். நானும் மனைவியும் விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள். நாளை ஜி.எஸ்.டி. சாலையில், லாரிகளுக்கு நடுவே, அந்த வேனில்தான் மீரா போவாள். தடுக்க என்னிடம் ஒரு சட்டப்பிரிவும் இல்லை.

(ஒப்பம்) சீனிவாசன்

சாட்சிகள்: உமா, மனைவி. மீரா, மகள், மைனர் என்பதால் அவள் கையெழுத்து செல்லாது.