அம்மாவின் அடக்கத்தில் வாசித்த ஆட்ட மெட்டு

கோலியர்ஸ் வுட்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் றஜீனாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம், ஹலிபாக்ஸ் குளிரில் நீயும் சுகமாய் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இருமல் போய்விட்டது, மருந்து ஒழுங்காய்ப் போடுகிறேன். கல்யாணி அன்ரி வெள்ளிக்கிழமைகளில் மீன்குழம்பு கொண்டுவந்து தருகிறா, சாப்பிடுகிறேன், ருசி ஒன்றும் தெரியவில்லை. அம்மா போய் ஐந்து மாதம், இன்னும் எனக்கு அழுகை வரவில்லை, ஏன் என்று கேட்காதே.

நீ போனில் அழுததற்குத்தான் இதை எழுதுகிறேன். அடக்கப் பூசையில் நான் வயலினில் வாசித்த பாட்டை அங்கே ஒரு பப்பில் வேகமாக வாசிக்க, சனம் சிரித்துச் சிரித்து ஆடியது என்றாய், எங்கள் செத்தவீட்டுப் பாட்டைக் களவெடுத்துவிட்டார்கள் என்றாய். களவெடுத்தது நான்தான் பிள்ளை. அது ஜிக் என்கிற ஐரிஷ் ஆட்டத்துக்கான மெட்டு. பஸ் டிப்போவில் என்னோடு வேலை செய்த ஐரிஷ்காரர் டெஸ்மண்ட் சாப்பாட்டு நேரத்தில் காட்டித் தந்தது. அவருக்கு அவருடைய மாமி, மாமிக்கு ஸ்கொட்லாந்தில் உருளைக்கிழங்கு கிண்டப் போய்வந்த ஆட்கள், அதற்கு முன்னால் யாரென்று அவருக்கும் தெரியாது. எனக்குப் பிடிபடட்டும் என்று அவர் மெல்ல மெல்ல வாசித்தார், நான் அதுதான் அதன் வேகம் என்று நினைத்துவிட்டேன். அம்மா கேட்டுவிட்டு இது செத்தவீட்டுக்குத்தான் பொருந்தும் என்று சொல்லி வியாகுல மாதாவுக்கு வரிகள் கட்டினா. கோயிலில் பாடினோம், கசெட் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் போனது, இப்போது மன்னாரிலேயே அதைப் பழைய பாட்டு என்கிறார்களாம்.

டெஸ்மண்ட் ஒருநாள் கோயிலுக்கு வந்து கேட்டுவிட்டு, வெளியே போய் நின்று வயிறு நோகச் சிரித்தார். அன்றுதான் எனக்கு விளங்கியது. வெட்கத்தில் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அவ கோபிக்கவில்லை, ஆட்டப் பாட்டென்றால் ஒருக்கா அந்த வேகத்தில் வாசியுங்கோ, கேட்பம் என்று சொன்னா. விரல் ஓடாது, பிறகு பார்ப்போம் என்றேன். இருபது வருஷம் பிறகு பிறகு என்றே போனது. ஆஸ்பத்திரியிலும் கேட்டா. கடைசியில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் மெதுவாகத்தான் வாசித்தேன்.

அதனால் இனி அந்தப் பப் பக்கமே போகமாட்டேன் என்று நிற்காதே. வாற ஞாயிறும் போ, ஆடக் கூப்பிட்டால் ஆடு. பனியில் வழுக்காத சப்பாத்தாய்ப் போட்டுக்கொண்டு போ. அவர்கள் அந்த மெட்டைத் தொடங்கும்போது எனக்குப் போன் எடுத்து, ஒன்றும் கதையாமல் மேசையில் வை, நான் அம்மாவின் படத்தடியில் இருந்து கேட்கிறேன். இடையில் கட் பண்ணிவிடாதே, அவ அதை அந்த வேகத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
சவிரிமுத்து