மதிலிலிருந்து எண்ணிய சால்கள்

மையவாடி மதிலோரம் படுத்திருக்கும் என் மச்சான் றபீக்குக்கு, ஸலாம்.

உனக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். புல் வெட்டுகிற உன் குட்டி மெசின் போய்விட்டது. மாரி முடிந்து மைதானத்துப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. நான்தான் ஓட்டினேன். கடல் பக்கம் திரும்பும்போது அடிப்பெட்டி கழன்று, வெட்டுத் தகடோடு மண்ணில் விழுந்தது. தபால் கந்தோரில் முப்பது வருடம் முத்திரை குத்திய கைக்கு மெசின் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் நீ போன பிறகு அதில் ஏற வேறு யாரும் முன்வரவில்லை.

நீ இருந்திருந்தால் அதைக் கம்பியால் கட்டி இன்னும் இரண்டு வருடம் ஓட்டியிருப்பாய். எங்களுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. புதிது வாங்கிவிட்டோம். அந்தக் கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னோடு சண்டை பிடிக்கவும் எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பின்னால் வரும்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சுனாமியில் வீடுகள் போன கரையில் திரும்ப வீடு கட்டக் கூடாது என்றார்கள். வெறுமனே கிடந்த அந்த நிலத்தைப் பொடியன்மார் பந்தடிக்கிற மைதானமாக்கினார்கள். கிழக்கே கடல், மேற்கே நம் மையத்துகளை அடக்குகிற மையவாடியின் மதில், நடுவில் மைதானம். உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள், புல் வெட்டுவதற்கென்று ஒரு சின்ன டிராக்டரைக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். இருந்து ஓட்டுகிற மெசின், வயிற்றுக்கு அடியில் தகடு. ஊரே கூடி நின்று பார்த்தது. "இதுக்குக் கலப்பய எங்க பூட்டுற?" என்று கேட்டது யார்? நீதான்.

சாகாமத்து வயல்களில் பெரிய டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நீ, அன்றைக்கு அந்தக் குட்டியில் ஏறினாய். அதன் பிறகு உன்னை அதிலிருந்து இறக்க முடியவில்லை. இருக்கை இற்றுப்போனதும் பிளாஸ்டிக் கதிரையின் கால்களை அறுத்துப் பூட்டினாய். பெட்டரி முச்சக்கர வண்டியிலிருந்து வந்தது, பெல்ட் நெல் மில்லிலிருந்து வந்தது. உழுத பழக்கத்தில், மைதானத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை ஒரு தரம் வெட்டிப் போவதைச் சால் என்றுதான் சொல்வாய். மதிலோரம் முதல் சால், பிறகு ஒவ்வொன்றாகக் கடலைப் பார்த்து நகர்ந்து போவாய். ஸ்டீயரிங்கில் ஓதி எண்ணுகிற தொண்ணூற்றொன்பது மணித் தஸ்பீஹ் ஒன்று தொங்கும். ஒவ்வொரு சாலும் முடிய ஒரு மணியைத் தள்ளுவாய். புல் வெட்டிக்கொண்டே சுவர்க்கத்துக்குப் போகிற ஒரே ஆள் என் மச்சான்தான் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்!

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். கல்முனையிலிருந்து ஜெயம் அண்ணனைக் கூட்டி வந்தேன். இத்தனை வருடமும் உன் மெசினுக்கு வைத்தியம் பார்த்த மனிதர். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இதில மெசின் எண்டு ஒண்டுமில்ல. துருதான் இத்தின நாளா ஓடியிருக்கு."

அடிப்பெட்டியைத் தூக்கியபோது, அது விழுந்த இடத்தில் மண்ணுக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. காலால் தள்ளிப் பார்த்தோம். சிவப்புச் சீமெந்துத் தரை, அதன் மூலையில் அடுப்புக்கட்டின் அடையாளம். சுனாமியில் போன யாரோ ஒருவருடைய குசினி. இருபது வருடமாக அதன் மேல் புல் வெட்டியிருக்கிறோம், அது தெரிந்ததே இல்லை. மேலே கிடந்த மண் எங்கே போனது? அன்றைக்கு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஜெயம் அண்ணன் கடலை ஒரு தரம் பார்த்தார்.

அடுத்த கிழமை ஹாஜியாரும் நானும் அக்கரைப்பற்றில் ஒரு கடைக்குப் போனோம். நம் மைதானக் குழுவுக்கு இன்னும் அவர்தான் தலைவர். கடையில் இரண்டு மெசின்கள் நின்றன. ஒன்று உன்னுடையதைப் போலவே நாற்பத்திரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டுவது. மற்றது ஐம்பத்துநான்கு. கியர் மாற்றத் தேவையில்லை, காலால் மிதித்தால் போகும், விட்டால் நிற்கும். கதிரை வேறு மெத்தென்று இருந்தது. உன் முதுகு அதைப் பார்க்காமல் போனதே என்று நினைத்தேன்.

"எவ்வளவு காணி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ரெண்டர ஏக்கர்" என்றார் ஹாஜியார். அது முதல் நாளிலிருந்து குழுவின் கோவையில் எழுதியிருக்கிற அளவு. நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

"அப்ப பெரிசுதான் சரி."

ஹாஜியாருக்குச் சந்தோசம். "சின்னத எடுத்து என்னத்தச் செய்யிற மனெ? இது நாலு தரம் போய் வந்தா மைதானம் முடிஞ்சிரும்" என்றார். பெரியதையே கொண்டு வரச் சொல்லிவிட்டு வந்தோம்.

அந்தக் கிழமையில்தான் தங்கச்சியின் இத்தா முடிந்தது. உன் பெண்சாதியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு மாதம் பத்து நாளும் உன் துக்கத்தில் வீட்டுக்குள் இருந்து தையல் மெசினை மட்டும் மிதித்தாள். நான் போனபோது அலுமாரியிலிருந்து உன் தஸ்பீஹை எடுத்து என் கையில் வைத்தாள்.

"காக்கா, இதப் பாருங்க. ஒவ்வொரு மாரியும் முடிய என்னட்ட ஒரு துண்டு நூல் கேப்பாரு. என்னத்துக்கெண்டு நான் கேக்கல்ல. ஓதுறத்துக்கு ஏதோ அடையாளமெண்டுதான் நெனச்ச."

மணிகளுக்கு இடையில் சின்னச் சின்ன நூல் முடிச்சுகள். பச்சை, கறுப்பு, நீலம், தங்கச்சி யாருக்கோ தைத்த சட்டையின் ரோஸ் நிறம். எண்ணத் தொடங்கினேன். முதல் ஏழு முடிச்சும் ஒரே இடத்தில், தொண்ணூற்றோராவது மணியில். பிறகு தொண்ணூறு. பிறகு எண்பத்தெட்டு. அப்படியே இறங்கி இறங்கி வந்து, கடைசி மூன்று முடிச்சும் எழுபது, அறுபத்தேழு, அறுபத்துமூன்று.

நீ ஓதினாயோ இல்லையோ, எண்ணியிருக்கிறாய். மதிலிலிருந்து கடல் வரை எத்தனை சால் என்று வருடா வருடம் எண்ணி, அந்த மணியில் முடிச்சுப் போட்டிருக்கிறாய்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கோல் கம்பங்களை இரண்டு தரம் மதில் பக்கமாக நகர்த்தினாய். "மேட்டுப் பக்கம் புல்லு நல்லா வருது" என்றாய். நம்பி, கம்பங்களுக்குக் கிடங்கு வெட்ட நானும் உதவினேன். வெள்ளைக் கோட்டை ஒவ்வொரு வருடமும் நீதான் போட்டாய், வேறு யாரையும் போட விடவில்லை. பந்து அடிக்கடி கடலில் விழுகிறது என்று பொடியன்மார் முறைப்பட்டபோது, "உங்களுக்கு அடிக்கத் தெரியா" என்று அவர்களையே ஏசினாய்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தி பள்ளிவாசல் மோதினாரிடம், "நான் மவுத்தானா என்னக் கிழக்கு மதிலோரம் வைங்க" என்று சொல்லி வைத்தாய். அங்கே அதுவரை யாரையும் வைத்ததில்லை. மெசின் சத்தம் கேட்டுக்கொண்டே படுக்க ஆசை போல என்று நாங்கள் பகிடி பண்ணினோம். உன்னை அங்கேதான் வைத்தோம். கடலுக்கும் எங்கள் வாப்பா, உம்மாவின் கபுறுகளுக்கும் நடுவில், எல்லோருக்கும் முன்னால்.

ஏன் மச்சான் சொல்லவில்லை? இதுதான் என் சண்டை. சொன்னால் ஊர் பயந்துவிடும் என்றா? சொன்னால் நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம், அதைப் பார்க்க வேண்டி வரும் என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் சிரித்தே கெடுத்துவிடுவேன் என்று நினைத்தாயா? அப்படி நினைத்திருந்தால் நீ நினைத்தது சரிதான். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அப்போதுதான் ஐம்பத்துநான்கு அங்குல மெசின் ஞாபகம் வந்தது. அகலம் மாறினால் சால் குறையும். வகுத்துப் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் வகுத்துப் பெருக்கிய எண்ணை யார் நம்புவார்? மெசின் பெரிது, அதனால்தான் சால் குறைந்தது என்று சொல்லிவிட்டு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் முடிச்சுகளுக்கு அதன் பிறகு அர்த்தமே இருக்காது. என்னை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

ஜெயம் அண்ணனிடம் போய்த் தஸ்பீஹைக் காட்டிச் சொன்னேன். அவர் மணிகளைத் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்கட சேமக்காலையும் கடலுக்குக் கிட்டத்தான் தம்பி" என்றார், அவர்களுடைய கல்லறைகளைச் சொல்லி. பிறகு, "ஹாஜியாரிட்ட நான் கதைக்கிறன்" என்றார்.

மணல் நிலத்தில் பெரிய அடிப்பெட்டி புல்லை வேரோடு சுரண்டிவிடும் என்று அவர் ஹாஜியாரிடம் எடுத்துச் சொன்னார். அதில் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஹாஜியார் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சின்ன மெசின் வந்து இறங்கியது. நான் பொறுக்கி எடுத்தது அகலத்தை மட்டும்தான். நிறம் கூட என்னவென்று பார்க்கவில்லை. மஞ்சள்.

முதல் வெட்டு அசர் தொழுகைக்குப் பிறகு. தஸ்பீஹை ஸ்டீயரிங்கில் மாட்டினேன். நீ செய்வதைப் போலவே மதிலோரம் தொடங்கினேன். முந்தின சாலின் ஓரத்தில் சில்லுப் படுகிற மாதிரி, கூட்டாமல் குறைக்காமல் ஓட்டினேன். இருபது வரை கை பழகவில்லை. நாற்பது வரை நல்ல புல். ஐம்பதில் கடலின் சத்தம் மெசினின் சத்தத்தை மூடிவிட்டது. அறுபத்துமூன்று வரைக்குமாவது போகட்டும் யா அல்லாஹ் என்று கேட்டுக்கொண்டேதான் திரும்பினேன்.

ஐம்பத்தெட்டில் முன்சில்லுக்கு அடியில் மண் சரிந்தது. காலை எடுத்தேன், மெசின் நின்றது. அதற்கு அப்பால் வெட்டுவதற்குப் புல் இல்லை, கீழே தண்ணீர்தான். அந்தச் சிவப்புத் தரையும் இல்லை. சில கிழமைக்கு முந்தி அதில் கால் வைத்து நின்றவன் நான்.

மூன்று, நாலு, இப்போது ஐந்து. இது எங்கே போகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?

தங்கச்சி வெள்ளை நூல் தந்தாள். ஐம்பத்தெட்டாவது மணியில் நானே கட்டினேன். மறுநாள் கறுப்புப் பெயின்ட் வாங்கி, நீ படுத்திருக்கிற இடத்துக்கு நேராக, மதிலின் மைதானப் பக்கத்தில், ஆளுயரத்துக்கு 58 என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய ஹாஜியார் புது மெசினைப் பார்க்க வந்தார். மதிலைப் பார்த்து நின்றார்.

"என்ன மனெ இது நம்பர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். தஸ்பீஹைக் கையில் கொடுத்தேன். கடைசி முடிச்சுக்கும் புது முடிச்சுக்கும் நடுவில் உள்ள மணிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். அவருடைய பெண்சாதி உனக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருக்கிறா, உனக்குத் தெரியும். கடலைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், பிறகு மெசினைப் பார்த்தார்.

"மத்த மெசின எடுத்திரிக்கலாம்" என்றார்.

அவர் பகிடி பண்ணவில்லை மச்சான். எனக்கு அவரில் கோபமும் வரவில்லை. தஸ்பீஹைத் திருப்பித் தராமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

நீ மறைத்ததை நான் மறைக்கமாட்டேன். ஒவ்வொரு மாரியும் முடிய எண்ணுவேன், குறைந்தால் குறைந்ததையே மதிலில் எழுதுவேன். தஸ்பீஹோடு அரசாங்கக் கச்சேரிக்கும் போவேன், கேட்கிறவர் கிடைக்கும்வரை கதைப்பேன். ஒன்றும் நடக்காமல், அந்த எண் ஒற்றை இலக்கத்துக்கு வருகிற காலத்தில் எனக்கு ஹயாத்து இருந்தால், உங்களை அங்கிருந்து எடுக்க மண்வெட்டி பிடிக்கிற முதல் கை என்னுடையது. முன்னால் படுத்திருக்கிற உன்னிடமிருந்துதான் தொடங்குவேன். கடல் உன்னிடம் வருவதற்கு முன் நான் வருவேன்.

உன் பெண்சாதிக்குக் காக்கா,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
சலீம்