ஒற்றைக்கால் முகமூடிக்காரன்

தம்பி,

ஆக்லாந்திலிருந்து உன் மகள் அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. உன் சட்டை ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். துண்டில் சுற்றிய ஒரு பொம்மை இருந்தது. அதன் அடியில் பாதிப் புத்தகம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

போனில் உன் மகள் "அத்தை" என்று ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு மிச்சத்தை நம் தீவு இந்தியில் சொன்னாள். புத்தகத்தைச் செமியிடம் கொடுக்க வேண்டுமாம், பொம்மை எனக்காம். செத்த பிறகும் எனக்கு வேலை வைக்கிறாய்.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. நீயும் ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பூர்வகுடிக் கிராமத்துச் செமியும் விமானங்களுக்குள் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தீர்கள். பயணிகள் இருக்கையில் விட்டுப்போன படக்கதைகளை எடுத்து வருவீர்கள். புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு. நடுமடிப்பில் கிழித்து முன்பாதியை அவன் எடுப்பான், பின்பாதியை நீ எடுப்பாய். அடுத்த வேலைநாளில் மாற்றிக்கொள்வீர்கள். முடிவைப் படித்துவிட்டு ஆரம்பத்துக்காகக் காத்திருந்த மடையனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பொம்மைகளும் அப்படி வந்தவைதான். என் கண்ணாடி அலமாரியில் பாத்திரத்தை ஒதுக்கி அவற்றை அடுக்கினாய். "பெண்டாட்டி இருக்கிற ஆம்பளைக்குப் பொம்மை கேக்குதா?" என்று நான் கேட்டால் உன் பெண்டாட்டியே சிரிப்பாள். உனக்கு உயிர் அந்த நீலச்சட்டை முகமூடிக்காரன்மேல். வரும்போதே அவனுக்கு ஒரு பாதம் கிடையாது. சுவரில் முதுகைச் சாய்த்து, இடது கையைப் பின்னால் திருப்பினால்தான் நிற்பான். அந்த வித்தை உனக்கும் எனக்கும் செமிக்கும் மட்டும்தான் தெரியும்.

"மூஞ்சிய மறைக்கிறவன் நல்லவனாடா?" என்றேன் ஒருநாள்.

"காட்டினா வீட்டாளுங்களுக்கு ஆபத்துக்கா" என்றாய்.

பிறகு தலைநகர் சுவாவில் ஆட்சியைக் கவிழ்க்க மந்திரிகளைப் பிடித்து அடைத்து வைத்து, இங்கே நம் ஆட்கள் வீடுகளைக் கொள்ளையடித்த அந்த நாட்கள் வந்தன. ஒரு பிற்பகலில் நாலு பேர் கரும்புக்குள்ளிருந்து வந்தார்கள். முகத்தில் பனியனைச் சுற்றியிருந்தார்கள், கண் மட்டும் தெரிந்தது. கையில் கரும்பு வெட்டும் கத்தி. உன்னை மண்டியிட வைத்தார்கள். ஒருவன் அலமாரியை உதைத்தான். கண்ணாடி நொறுங்கி என் காலடிவரை வந்தது. இன்னொருவன் உன் தலைக்கு மேல் கத்தியை ஓங்கினான். நான் கத்தவில்லை. கத்தினால் அவன் கை இறங்கிவிடும் என்று பயந்தேன்.

மூன்றாமவன் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினான். ஏதோ சொன்னான், மற்றவர்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார்கள். அவன் மட்டும் குனிந்து, கண்ணாடிச் சில்லுக்குள் கிடந்த முகமூடிக்காரனை எடுத்தான். பலகைமேல் வைத்து முதுகைச் சாய்த்தான். இடது கையைப் பின்னால் திருப்பினான்.

பொம்மை நின்றது. பனியனுக்குள் இருப்பது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் இரண்டு உழவுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அவனும்தான் கயிற்றைப் பிடித்தான்.

மறுநாள் காலையில் போலீசுக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நீ கேட்டை மறித்து நின்றாய்.

"வேணாங்கா. நான் தொட்டுட்டேன்."

"என்னத்தடா தொட்ட?"

"யங்கோனா வேரை. விடியக்காலையில தோட்டத்துக்குக் கொண்டுவந்தான். வாங்கிக் கைதட்டிட்டேன். முடிஞ்சிபோச்சி."

செமி ஆட்களின் வழக்கம் எனக்குத் தெரியாதா? குற்றம் செய்தவன், அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற அந்த வேரைக் கொண்டுவந்து வைப்பான். பட்டவர் தொட்டு மூன்று முறை கைதட்டினால் அதற்குமேல் பேச்சு கிடையாது. தொடாவிட்டால் தீரவில்லை என்று அர்த்தம்.

"ஏண்டா, மாடு என்னுது, வீடு என்னுது. என் பேருல கைதட்ட நீ யாருடா?"

"அவன் வந்ததாலதான்கா நான் உயிரோட இருக்கேன்."

"காப்பாத்த வந்தவன் என் மாட்டை ஏண்டா ஓட்டிப் போனான்?"

நீ கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாய். அந்த வருடமே குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு விமானம் ஏறினாய். நீ பெருக்கிய அதே விமானமாகக்கூட இருக்கலாம். பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனாய். செமியை என் வாசலில் விட்டுப்போனாய். இத்தனை வருடம் அவன் சாலையில் அக்கா முறை வைத்து "தீதி" என்று கூப்பிடுவான், நான் காறித் துப்பிவிட்டு நடப்பேன். போலீசுக்கும் போகவில்லை. நீ கொடுத்த வாக்கை என் தலையில் கட்டிவிட்டாயே.

நேற்று அவனே வந்தான். உன் சாவுச் செய்தி கேட்டு, அவர்கள் வழக்கப்படி ஒரு பாயும் வேரும் கொண்டுவந்தான். தலை முழுக்க நரை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "வராண்டா வரைக்கும் வா" என்றேன். பொம்மையைக் கையில் கொடுத்தேன்.

"நிக்க வை."

சுவரோரம் உட்கார்ந்து பொம்மையின் முதுகைச் சாய்த்தான். கையைத் திருப்பினான். இரண்டு தரம் விழுந்தது. மூன்றாம் தரம் நின்றது.

"நான்தான், தீதி" என்றான்.

"தெரியும். என் மாடுங்க என்ன ஆச்சி?"

"அறுத்துட்டாங்க."

"நீயும் தின்னியா?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "தின்னேன்."

பொய் சொல்லியிருந்தால் துரத்தியிருப்பேன். வேரை என் கையால் தொட்டேன், தம்பி. உன் கையால் இல்லை. மூன்று தட்டுத் தட்ட வேண்டும். நான் ஒன்றுதான் தட்டினேன். அவனும் கேட்கவில்லை. நான் கொடுத்த பாதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். முன்பாதி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறதாம்.

முகமூடிக்காரன் வராண்டாச் சுவரில் நிற்கிறான். காற்று வந்தால் விழுகிறான். நான்தான் போய் முதுகைச் சாய்த்து, கையைத் திருப்பி நிறுத்துகிறேன். ஒவ்வொரு தரமும் உன்னைத் திட்டிக்கொண்டேதான்.

அக்கா